எத்தனையாவது கோல்?

“பொடியன் பிறந்த நேரம் என்ன?” என்று லண்டன் சாத்திரியார் மறுபடியும் கேட்டார்.

“அதைத்தான் ஐயா தேடிக்கொண்டிருக்கிறன்,” என்றார் தவரத்தினம், தொலைபேசியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு.

பாரிஸ் லா சப்பலில் சொந்தமாகப் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் மனிதர், அந்தக் கடையின் பின்னறையிலேயே கள்ளனைப் போல ஊதுவத்திப் பெட்டிகளுக்கு நடுவில் குந்தியிருந்தார். முன்னால் கல்லாவில் மனைவி வள்ளிநாயகி இருந்தார். அவர் காதில் விழுந்தால் அது மகள் காதிலும் விழும். மகள் காதில் விழுந்தால் கலியாணமே குழம்பிவிடும்.

“நேரம் இல்லாட்டி லக்கினம் இல்லை. லக்கினம் இல்லாட்டி நான் வாய்க்கு வந்ததைத்தான் சொல்ல வேணும். அதுக்கு வேறை சாத்திரிமார் இருக்கினம்,” என்று சொல்லிவிட்டு லண்டன் தொலைபேசியை வைத்தது.

விஷயம் இதுதான். மகள் கஜந்தினி பாரிஸில் பிறந்தவள். காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை. குளிர் தொடங்கிய நாட்களில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில் வைத்து, தான் றஜீவன் என்ற பையனைக் கட்டப்போவதாக அறிவித்தாள். றஜீவனும் இங்கே பிறந்தவன்தான். தகப்பன் அல்பிரட், தாய் சிசிலியா. மன்னாரிலிருந்து வந்து புறநகர்த் திரான்சியில் குடியிருக்கும் கத்தோலிக்கர்.

தவரத்தினம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடையைத் திறந்தபோது, ஒரே தட்டில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது கண்ணில் பட்டது. ஆவணி மாதத்தில் முருகனைவிட மாதாவுக்குத்தான் அந்தக் கடையில் விற்பனை அதிகம்.

“மாதாவாலையும் சோறு தின்னுறம், வள்ளி. மாதாவைக் கும்பிடுற பொடியனை வேண்டாம் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?” என்று மனைவியிடம் சொல்லி இறங்கி வந்தார். காலையில் தேவாலயம், பின்னேரம் மண்டபத்தில் ஐயர், இரண்டும் நடக்கட்டும் என்றார். ஒரேயொரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

“சாதகம் ஒருக்காப் பாத்திடுவம்.”

தகப்பன் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்று தெளிவாக விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னாள்.

“நோன், பப்பா! என்ரை சாதகத்தை இனி ஒருத்தரும் தொடக் கூடாது. நீங்கள் பாத்தது எண்டு தெரிஞ்சா, நாங்கள் ரெண்டு பேரும் மெறியிலை கையெழுத்து வைச்சிட்டு வந்து நிப்பம். ஐயரும் இல்லை, ஃபாதரும் இல்லை, உங்கடை மண்டபமும் இல்லை!”

மெறி என்றால் நகரசபை. அங்கே மேயர் தோளில் மூவர்ணப் பட்டி கட்டிக்கொண்டு வந்து பதினைந்து நிமிடத்தில் ஆளை ஆளுக்குக் கட்டிக் கொடுத்துவிடுவார். ஒரே மகளின் கலியாணம் அப்படி முடிவதைத் தவரத்தினத்தால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. இங்கே பிறந்த பிள்ளை, இதெல்லாம் விசர்க் கதை என்று நினைக்கிறாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று வாயை மூடிக்கொண்டார். சாதகத்தை மட்டும் விடவில்லை.

விடாததற்குக் காரணம் இருந்தது. அவருடைய அக்கா கமலேஸ்வரியின் கலியாணம் சண்டைக் காலத்தில் அவசரமாக நடந்தது. இன்றைக்கு இருக்கிறவர் நாளைக்கு இல்லை என்ற நிலையில் யார் சாதகம் பார்ப்பது? அடுத்த வருடம் அத்தான் பாண் வாங்கப் பேக்கரி வரிசைக்குப் போனார். திரும்பி வரவில்லை. அக்கா இன்றைக்கும் ஊரில், அரியாலையில் தனியாக இருக்கிறார். அந்தக் காலத்திலேயே தவரத்தினம் நெஞ்சுக்குள் ஒரு முடிவு எடுத்திருந்தார்: என் வீட்டில் இனி ஒரு பெண்பிள்ளை சாதகம் பார்க்காமல் கழுத்தை நீட்டாது. இது சமயமும் இல்லை, சாதியும் இல்லை. வெறும் பயம். அந்தப் பயம் முப்பத்தைந்து வருடம் பிரான்சில் இருந்தும் கரையவில்லை.

ஆகவே இரகசியமாகப் பார்ப்பது என்று தீர்மானித்தார். கடைக்கு நேர் எதிரே, சேலைக் கடையின் மேல்மாடியில், இரத்தினம் சாத்திரியார் இருக்கிறார். கைராசிக்காரர். ஆனால் அந்தப் படியில் ஒருவர் கால் வைத்தால், இறங்கி வருவதற்குள் தெரு முழுவதும் கதை பரவிவிடும். அதனால்தான் லண்டன்.

பிறந்த திகதி தெரியும். பிரெஞ்சுப் பிறப்புப் பத்திரத்தில் நேரமும் இருக்கும். ஆனால் அதைப் பையனிடம் கேட்டால் அவன் கஜந்தினியிடம் சொல்லுவான். ஆகவே பெற்றோரிடமிருந்து நைசாகப் பிடுங்க வேண்டும் என்று, அல்பிரட் குடும்பத்தை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அல்பிரட் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அவருக்கு ஓய்வு கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை.

“வெள்ளிக்கிழமையோ?” என்றார் வள்ளிநாயகி. “நாங்கள் மரக்கறி எல்லோ?”

“நாங்கள்தானே மரக்கறி. அவை வேதக்காரர். பருப்பும் கத்தரிக்காயும் வைச்சா, பொம்பிளை வீடு பிசினி எண்டு நினைப்பினம்.”

வள்ளிநாயகி பெருமூச்சு விட்டார். மார்க்ஸ் டோர்மோய் பக்கம், தன்னை ஒருவருக்கும் தெரியாத கடையாகப் பார்த்து ஆட்டிறைச்சி வாங்கி வந்தார். சாமியறைக் கதவைச் சாத்தி, வாசம் உள்ளே போகாமல் கதவிடுக்கில் துவாயும் செருகினார். தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு வெள்ளிக்கிழமை இறைச்சிக் கறி சமைத்தார்.

விருந்தாளிகள் வந்தார்கள். சிசிலியா கறிச்சட்டியைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டு, வழமையைவிடக் கொஞ்சம் நீளமாகச் செபித்தார். பிறகு ஒரு துண்டை எடுத்து, மருந்து குடிக்கிற முகத்தோடு மென்றார். தவரத்தினமும் சும்மா இருக்கக் கூடாதென்று ஒரு துண்டை விழுங்கினார்.

“இன்னும் கொஞ்சம் போடுங்கோ அக்கா,” என்றார் வள்ளிநாயகி.

“நீங்களும் போடுங்கோ,” என்றார் சிசிலியா. பிறகு மனம் பொறுக்காமல், “கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. நீங்கள் வெள்ளிக்கிழமையிலை மச்சம் சாப்பிடுவியளோ?”

“ஐயோ, இல்லையக்கா. உங்களுக்காண்டித்தான்...”

“நாங்களும் சாப்பிடுறேல்லை. இது தவக்காலம். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடக் கூடாது. நீங்கள் ஆசையாச் சமைச்சு வைச்சிருக்கிறியள், மறுத்தா மனம் நோகும் எண்டு...”

எல்லோரும் கறிச்சட்டியைப் பார்த்தார்கள்.

“அப்ப இந்த ஆடு ஆருக்காண்டிச் செத்தது?” என்றார் அல்பிரட்.

கஜந்தினிதான் முதலில் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. பெண்கள் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாக ஒரு பருப்பு வைக்கக் குசினிக்குள் போனார்கள். ஒன்றாகப் பாவம் செய்தவர்களுக்குள் வரும் நெருக்கம் அவர்களுக்குள் வந்துவிட்டது.

இதுதான் சமயம் என்று தவரத்தினம் அல்பிரட் பக்கம் சாய்ந்தார்.

“தம்பி பிறந்தது பகலோ, இரவோ?”

கஜந்தினியின் தலை சட்டென்று திரும்பியது.

“இல்லை... இரவிலை பிறந்த பிள்ளையள் அமைதியா இருக்குங்கள் எண்டு சொல்லுவினம். தம்பியும் அமைதி. அதுதான்,” என்று தவரத்தினம் வழிந்தார்.

அல்பிரட்டுக்கு முகம் மலர்ந்தது. யாராவது கேட்கட்டும் என்று அவர் காத்திருந்த கதை அது.

“அண்ணை, இவன் பிறந்தது உலகக் கிண்ணக் கடைசி ஆட்டத்தண்டு! சென் தெனி ஆஸ்பத்திரியிலை. ஆட்டம் நடந்த மைதானம் கிட்ட. நான் வெளியிலை நிக்கிறன். திடீரெண்டு ஊரே வெடிச்ச மாதிரிச் சத்தம். பிரான்ஸ் கோல் அடிச்சிட்டுது! கதவு திறந்து நேர்ஸ் வந்து சொல்லுது, பொடியன் எண்டு.”

தவரத்தினத்தின் நெஞ்சு குளிர்ந்தது. கோல் விழுந்த நேரம் உலகத்துக்கே தெரியுமே! இதைவிடத் திறமான பிறந்த நேரம் எந்த ஆஸ்பத்திரியிலும் குறித்திருக்க மாட்டார்கள்.

“பிரான்ஸ் அண்டைக்கு எத்தினை கோல் அடிச்சது?”

“மூண்டு,” என்றான் றஜீவன்.

“அப்ப தம்பி பிறந்தது எத்தனையாவது கோலுக்கு?”

“ஆர் கண்டது? எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும்,” என்றார் அல்பிரட்.

“அப்பா, உங்களுக்கு ஏன் இது?” கஜந்தினி கண்ணைச் சுருக்கினாள்.

தவரத்தினம் வாயில் வந்ததைச் சொன்னார். “எனக்குப் புட்போல் எண்டால் உயிர்.”

அந்த ஒரு வசனம் அவரைப் படாத பாடு படுத்தப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அன்று பின்னேரமே லண்டன் சாத்திரியார் மூன்று கோலுக்கும் மூன்று சாதகம் கணித்துவிட்டார்.

“முதலாவது கோல் எண்டால் செவ்வாய் ஏழிலை. உங்கடை பிள்ளைக்குச் செவ்வாய் இல்லை. கூடவே கூடாது. பிள்ளையின்ரை உயிருக்கே கூடாது. ரெண்டாவது கோல் எண்டால் லக்கினம் மாறப்போற நேரம், ரெண்டும் கெட்டான். மூண்டாவது எண்டால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கோ. எத்தனையாவது கோல்?”

“கேட்டுச் சொல்லுறன் ஐயா.”

அல்பிரட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அந்தச் சத்தம் எப்பிடி அண்ணை? நல்ல பெரிய சத்தமோ? கடைசிக் கோலுக்குத்தானே சனம் கூடக் கத்தும்?”

“பெரிய சத்தம்தான். ஆனா சிசிலியாவும் கத்தினவ. ரெண்டும் ஒண்டாக் கலந்துபோச்சு. அவவைத்தான் கேக்க வேணும்.”

சிசிலியாவை எப்படிக் கேட்பது? இன்னொருவர் மனைவியிடம் போய், நீங்கள் எந்த நேரத்தில் பிள்ளை பெற்றீர்கள் என்று ஒரு யாழ்ப்பாணத்து ஆம்பிளை கேட்க முடியுமா? வாய் திறந்தால் சம்பந்தமே முறியும்.

இதற்கிடையில் புட்போல் உயிர் என்ற செய்தி பரவிவிட்டது. றஜீவன் கடைக்கு வந்து பிரான்ஸ் அணியின் நீலச் சட்டை ஒன்று பரிசளித்தான். முதுகில் ‘தவா’ என்று போட்டிருந்தது. மருமகனாக வரப்போகிறவன் தந்ததை மறுக்க முடியாமல் தவரத்தினம் அதை வேட்டிக்கு மேல் மாட்டிக்கொண்டு கல்லாவில் இருந்தார். கற்பூரம் வாங்க வந்தவர்கள் ஓஃப்சைட் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள்.

“எல்லாம் அவன் செயல்,” என்று மேலே கையைக் காட்டினார்.

வள்ளிநாயகிக்குக் கவலை பிடித்தது. “இந்த வயதிலை இப்பிடித் தொடங்கினா டொக்டரிட்டைக் காட்ட வேணும்,” என்று மகளிடம் சொன்னார். ஆனால் கஜந்தினியோ ஒருநாள் கடைக்கு வந்து தகப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இவ்வளவு வருசமா இஞ்சை இருந்தும் ஒரு மேட்ச் பாக்காத ஆள் நீங்கள். றஜீவனுக்காண்டித்தானே இதெல்லாம்? மெர்சி, பப்பா.”

இந்தப் பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று தவரத்தினத்துக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளைக்காகத்தானே ஏமாற்றுகிறோம் என்று நினைத்ததும் பிடிவாதம் இன்னும் இறுகியது.

அடுத்ததாக றஜீவன் சென் தெனி மைதானத்துக்கே நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிரான்ஸ் விளையாடுகிறது. தகப்பனும் தாயும் கூட வருகிறார்கள் என்றான். தாயும் என்ற சொல்லைக் கேட்டதும் தவரத்தினம் நான் வாறன் என்று எழும்பிவிட்டார்.

மைதானத்தில் விறைக்கிற குளிர். தவரத்தினத்தின் நெற்றியில் திருநீறு மூன்று கோடு. கன்னத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு என்று றஜீவன் மூன்று கோடு பூசிவிட்டான். ஒரு பக்கத்தில் அல்பிரட் நித்திரை தூங்கிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் சிசிலியா. நடுவில் தவரத்தினம், கோல் விழட்டும் என்று எந்த அணி என்றும் பாராமல் கந்தசஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோல் விழுந்தது. மைதானம் அதிர்ந்தது. சிசிலியா நெஞ்சில் கை வைத்தார்.

“அம்மாடி! இவன் பிறக்கேக்கையும் இதே சத்தம்தான் அண்ணை.”

தெய்வமே வாயைத் திறந்துவிட்டது. “அண்டைக்கு மூண்டு கோல் விழுந்ததாம் அக்கா. மூண்டும் கேட்டிருக்குமே?” என்றார் தவரத்தினம், விளையாட்டைப் பார்க்கிற பாவனையில்.

“கேக்காமல்! முதல் கோலுக்கு இவன். ரெண்டாவது கோலுக்குத் தையல் போட்டவை. மூண்டாவது கோலுக்கு எனக்குத் தேத்தண்ணி தந்தவை.”

சுற்றியிருந்த சனமெல்லாம் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தது. தவரத்தினம் மட்டும் இருக்கையில் இருந்துவிட்டார். முதல் கோல். செவ்வாய் ஏழில். கன்னத்துச் சாயம் கண்ணீரில் கரைந்து சட்டையில் ஒழுகியது.

“பாருங்கோ, மாமா சந்தோசத்திலை அழுறார்,” என்று றஜீவன் தாயிடம் காட்டினான்.

ரயில் நிலையத்திலிருந்தே லண்டனுக்கு எடுத்தார்.

“விட்டிடுங்கோ,” என்றது லண்டன்.

“பரிகாரம் ஒண்டும் இல்லையோ ஐயா?”

சாத்திரியார் யோசித்தார். “ஒண்டு இருக்கு. முதல் தாரம் வாழை மரம் எண்டு வைக்கலாம். பொடியன் தன்ரை கையாலை ஒரு வாழைக்கு மஞ்சள் கயிறு கட்ட வேணும். செவ்வாய் அதோடை போயிடும். செய்யக்கூடியதோ?”

“செய்வம்,” என்றார் தவரத்தினம்.

பங்குனி மாதக் குளிரில், வீட்டுக்குள் வளர்க்கிற வாழைக் கன்று ஒன்றைத் தொட்டியோடு பூங்கன்றுக் கடையில் தேடிப் பிடித்தார். அதைக் கட்டிப்பிடித்தபடி திரான்சிக்கு ரயில் ஏறினார். இலை முன்னால் நின்றவர்களின் மூக்கில் எல்லாம் இடித்தது. ‘பார்தோன், பார்தோன்’ என்று மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, அல்பிரட் வீட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே கஜந்தினியும் இருந்தாள். அவள் இருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் தேநீர் போடக் குசினிக்குள் போக, தவரத்தினம் அவசரமாகக் காரியத்தில் இறங்கினார்.

“எங்கடை ஆக்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு வாழை குடுக்கிறது வழக்கம். தம்பி தன்ரை கையாலை இந்தக் கயிறைத் தண்டிலை கட்டினா, மரம் நேரா வளரும்.”

கயிற்றின் நடுவில் ஒரு மஞ்சள் துண்டு கட்டியிருந்தது. அதை இலைக்குக் கீழே மறைத்து வைத்திருந்தார்.

“சரி மாமா, கை கழுவிட்டு வாறன்,” என்று றஜீவன் போனான்.

தவரத்தினம் தொட்டியைச் சாமி படம் இருந்த பக்கம் திருப்பி வைக்கலாம் என்று பார்த்தார். திரு இருதயத்து ஆண்டவர்தான் இருந்தார். பரவாயில்லை என்று அங்கேயே திருப்பிவிட்டு நிமிர்ந்தார்.

சிசிலியா கயிற்றைக் கட்டி முடித்திருந்தார். மரம் செடி என்றால் கை சும்மா இராத மனுசி. அவிழக் கூடாதென்று மூன்று முடிச்சும் போட்டிருந்தார்.

“அக்கா!” என்று அலறினார் தவரத்தினம். “நீங்கள் ஏன் கட்டினனீங்கள்?”

“ஏன் அண்ணை? நல்லா இறுக்கித்தான் கட்டினனான்.”

பரிகாரத்தின்படி பார்த்தால், இத்தனை வருடம் அல்பிரட்டுக்கு மனைவியாக இருந்த சிசிலியா இப்போது அந்த வாழைக்குப் புருசன். தவரத்தினம் கயிற்றை அவிழ்க்கப் போனார். மஞ்சள் கட்டிய முடிச்சை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று நினைவு வந்து கையை இழுத்தார். மறுபடியும் நீட்டினார். அந்த இழுபறியில் இலை விலகி, மஞ்சள் துண்டு வெளியே தொங்கியது.

தேநீர்த் தட்டோடு வந்த கஜந்தினி அதைக் கண்டாள். பூசைச் சாமான் கடைக்காரரின் மகளுக்கு மஞ்சள் கயிறு எது, சாதாரண நூல் எது என்று தெரியாதா?

“அப்பா! நீங்கள் சாதகம் பாத்தனீங்களோ?”

தவரத்தினம் அவசரமாக மஞ்சளை இலைக்குள் தள்ளினார்.

“பாத்திட்டீங்களோ? ஐயோ, என்ன செய்து வைச்சிருக்கிறியள்!” அவள் முகம் வெளுத்துப் போனது. கத்துவாள் என்று நினைத்தார். அவள் அழுதாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. “புட்போல், சட்டை எல்லாம் இதுக்குத்தானோ? நான் சொன்னனான்தானே. முடிஞ்சுது. மெறிதான். ஐயரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்!”

அவளும் றஜீவனும் வெளியே போய்விட்டார்கள். அல்பிரட் ஒன்றும் விளங்காமல் வாழைக்குத் தண்ணீர் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்து தவரத்தினம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சின்னப்பிள்ளை போல விக்கி விக்கி அழுதார்.

“அக்கா மாதிரி இவளும் தனிச்சுப்போடுவாளோ எண்டு பயம், வள்ளி. நான் வேறை என்னத்துக்கு இந்த விசர் வேலை எல்லாம் பாத்தனான்?”

வள்ளிநாயகி அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். “எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. அண்டைக்கு அத்தானோடை பாண் வரிசையிலை நிண்டு பிடிபட்ட எல்லாருக்கும் ஏழிலையோ செவ்வாய் இருந்தது?”

இத்தனை வருடத்தில் ஒருவரும் தவரத்தினத்திடம் அப்படிக் கேட்டதில்லை. அவர் தன்னைத்தானே கேட்டதும் இல்லை.

“நீர் சொல்லுறது சரி,” என்றார் கடைசியில். “புத்திக்கு விளங்குது. நெஞ்சுக்கு விளங்கேல்லை. மகள் மெறியிலைதான் கட்டுவாள் எண்டால் நான் அங்கையும் வந்து நிப்பன். ஆனா நிண்டு நடுங்கக் கூடாது. இன்னும் ஒரே ஒருக்கா, இரத்தினத்தாரிட்டைக் கேட்டிடுறன். எல்லாம் வெளியிலை வந்தாச்சு, இனி ஒளிக்க என்ன இருக்கு?”

“அவரும் கூடாது எண்டால்?”

“மகளின்ரை காலிலை விழுந்தாவது, கொஞ்சம் பொறு எண்டு கேப்பன்.”

மறுநாள் பட்டப்பகலில், தெருவே பார்த்திருக்க, நீலச் சட்டையோடேயே சேலைக் கடையின் படியில் கால் வைத்தார். எதிரே மரக்கறிக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். பார்க்கட்டும் என்று படபடவென்று ஏறினார்.

இரத்தினம் சாத்திரியார் பஞ்சாங்கத்துக்கு முன்னால் சம்மணம் கட்டியிருந்தார். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடி நெற்றியில். எதிர்க் கடைக்காரர் முதல்தடவையாக மேலே வந்திருப்பதைக் கண்டு கதிரையைக் காட்டினார்.

“என்ரை மகள் கஜந்தினியின்ரை சாதகம். இது பொடியன்ரை. றஜீவன், வேதக்காரப் பொடியன். சென் தெனியிலை பிறந்தது, உலகக் கிண்ணத்தண்டு, முதல் கோலுக்கு. உண்மையைச் சொல்லுங்கோ ஐயா. எதுவா இருந்தாலும் தாங்குவன்.”

இரத்தினம் பெயர்களைக் கேட்டதும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். சாதகத்தைத் தொடாமலே தவரத்தினத்தின் பக்கம் தள்ளினார்.

“நான் பாக்க மாட்டன்.”

“ஏன் ஐயா? வேதக்காரப் பொடியன் எண்டோ?”

இரத்தினம் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தவரத்தினமண்ணை, ‘பொருந்தின சாதகத்தைத் திரும்பப் பாத்தா அந்தப் பொருத்தமே கெட்டுப்போடும், பெத்த தேப்பன் கேட்டாலும் இனிக் காட்டாதை பிள்ளை’ எண்டு, ரெண்டு வருசத்துக்கு முன்னம், தெருக் கடையெல்லாம் பூட்டின பிறகு, ‘இவரை விரும்பலாமோ ஐயா’ எண்டு அந்தப் பொடியனையும் கூட்டிக்கொண்டு வந்து நிண்ட உங்கடை மகளிட்டைப் படிச்சுப் படிச்சுச் சொல்லிவிட்டனானே!”